கட்டுச்சோறும் நான் 37 வருஷம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயமும்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1989 பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக ஒரே பேச்சு. மே இரண்டாவது வாரம் எல்லோரும் குடும்பத்தோடு போடிமெட்டுக்கு மேலே ஒரு இடத்தில் கூடுகிறார்களாம். பகலில் கட்டுச்சோறு, சாயங்காலம் பார்பிக்யூ. "சார், நீங்க கண்டிப்பா வரணும்" என்று ஒருவன் குரல் பதிவு அனுப்பினான். இன்னொருவன், "சிக்கனை முதல் நாள் ராத்திரியே போடியில மசாலா தடவி எடுத்துட்டு வந்துடலாம்" என்றான். மூன்றாமவள், "சாப்பாட்டை விடியக்காலையே சுடச்சுடப் பொட்டலம் கட்டிடலாம், மதியம் வரைக்கும் சூடா இருக்கும்" என்றாள். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்துவிட்டது. அன்றிரவு சரியாகத் தூக்கம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். சரித்திர வாத்தியார் ஆயிற்றே, கொஞ்சம் பின்னால் போய்த்தான் ஆரம்பிப்பேன்.

எங்கள் அப்பத்தா ஏலக்காட்டு வேலைக்குப் போனவர். இன்று போடி, தேவாரம், கோம்பை பக்கத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவும் சுற்றிப் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று போய்விட்டுப் பொழுது சாய வீடு திரும்புகிறார்கள். அப்பத்தா காலத்தில் முந்தலில் இருந்து கால்நடைதான். ஏறினால் வாரக்கணக்கில் மேலேதான், லயத்தில் தங்கல். முதல் நாளுக்கும் மறுநாள் காலைக்கும் சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தச் சோறு கெட்டுப்போனால் வழியில் கடை கிடையாது, டாக்டரும் கிடையாது. அந்தக் காலத்து மலைப்பாதையில் வாந்திபேதி கண்டவரை மற்றவர்கள் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

நம் மலையின் சரித்திரத்தைச் சோற்றை வைத்தே எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றும். 1877-ல் பூஞ்சார் அரசரிடம் ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலையை ஒப்பந்தத்தில் வாங்கியதில் இருந்து மேலே தோட்டம் பெருகியது. தோட்டம் என்றால் ஆள், ஆள் என்றால் அரிசி. மூணாற்றில் இருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாட்டு வண்டிபோல ஒன்று ஓடியது. 1908-ல் அதுவே சின்ன ரயிலானது. டாப் ஸ்டேஷனில் இருந்து கீழே குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்குக் கம்பி வழி. தேயிலைப் பெட்டி அதில் இறங்கும், தோட்டத்துக்கு வேண்டிய சாமான் ஏறும். 1924 வெள்ளம் அந்த ரயிலையே அடித்துக்கொண்டு போனது. கேரளத்தில் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' என்று இன்றும் சொல்வார்கள், கொல்லம் ஆண்டு 1099. அதற்குப் பிறகு 1928-ல் மதுரையில் இருந்து போடிக்கு ரயில் வந்தது. பிறகு நின்றதும், வந்ததும், அகலப்பாதைக்காக 2010 கடைசியில் மறுபடி நின்றதும், 2023 ஜூனில் திரும்ப வந்ததும் உங்களுக்கே தெரியும். இத்தனையும் அரிசி மூட்டையை மலையடிவாரம் வரை, அல்லது மலை மேல் வரை, கொண்டுபோய்ச் சேர்த்த ஏற்பாடுகள். ஆக்கிய சோற்றைக் கெடாமல் கொண்டுபோன ஏற்பாடு மட்டும் அப்பத்தா கையில் இருந்தது. அதை எந்தக் கெசட்டியரிலும் எழுதவில்லை.

அந்த ஏற்பாட்டை நான் சின்ன வயதில் அடுப்படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சோற்றைக் குழைய விட மாட்டார், விரை விரையாக வடிப்பார். வடித்த சோற்றைச் சுளகில் வெள்ளை வேட்டித்துணி விரித்து அதன்மேல் பரப்புவார். மலைபோலக் குவிக்கக் கூடாது, கையளவு உயரம்கூட இருக்கக் கூடாது. மேலே நல்லெண்ணெய், மஞ்சள்பொடி, உப்பு. புளிக்காய்ச்சல் தனியாகக் கொதித்து எண்ணெய் பிரிந்து மேலே மிதக்க வேண்டும். சோறு நன்றாக ஆறிய பிறகுதான் அகப்பையால் கிளறுவார். ஈரக்கை படக் கூடாது. வாழை இலையை அடுப்புத் தணலில் காட்டி வாட்டி, துணியால் ஈரம் போகத் துடைத்து, அதில் வைத்துக் கட்டுவார். தேங்காய்த் துவையல் கிடையாது, பருப்பு கிடையாது. தொட்டுக்கொள்ளக் கருவாடோ வறுத்த நிலக்கடலையோ தனிப் பொட்டலம்.

எனக்குப் பசி. "சூடா இருக்கும்போதே கட்டுங்க அப்பத்தா" என்று அவசரப்படுத்துவேன். "சூட்டோட கட்டுனா வேர்த்துப் போகும்டா. வேர்த்த சோறு வழியில ஊசிப் போகும்" என்பார். வேர்ப்பது, ஊசிப்போவது. அவ்வளவுதான் அவர் படித்த விஞ்ஞானம்.

இந்தக் கட்டுச்சோறு நமக்குப் புதிதல்ல. பொதி என்றால் மூட்டை, பொதிசோறு என்றால் மூட்டைச் சோறு. பெரியபுராணத்தில், பசியோடு நடந்து வந்த நாவுக்கரசருக்குத் திருப்பைஞ்ஞீலி வழியில் சிவபெருமானே பொதிசோறு தந்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். சுந்தரருக்கும் திருக்குருகாவூர் வழியில் பந்தல் போட்டுப் பொதிசோறும் தண்ணீரும் கொடுத்ததாகக் கதை. நடந்து போகிறவனுக்குச் சோறும் தண்ணீரும் கொடுப்பது தெய்வம் செய்கிற வேலை என்று நினைத்த சமூகம் நம்முடையது. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியிலும் இன்றுவரை 'பொதிச்சோறு'தான், வாட்டிய வாழை இலையில். நம்மூரில் ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றங்கரையில் சித்ரான்னம். தெலுங்கு பேசும் வீடுகளில் கார்த்திகை மாத வனபோஜனம். சித்ரா பௌர்ணமிக்குப் பளியங்குடி வழியாக மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறுகிறவர்கள் கையிலும் ஒரு பொட்டலம். பிக்னிக் என்ற வார்த்தைதான் வெள்ளைக்காரனிடம் வாங்கியது.

இனி 1989 ஜனவரி. இந்தப் பேட்ச் பிள்ளைகளுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். பள்ளிக்கூடத்தின் மேல் தப்பும் இல்லை.

பொங்கல் முடிந்து சுருளி அருவிக்கு ஒரு நாள் சுற்றுலா. 84 பிள்ளைகள், 5 ஆசிரியர்கள், இரண்டு பஸ். பொறுப்பாளர் நான். ஊரில் நல்ல பெயர் எடுத்த ஒரு சமையல்காரரிடம் சாப்பாடு சொல்லியிருந்தேன். தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு, அவித்த முட்டை. ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்புப் பற்ற வைத்தார்கள். நாலு மணிக்கெல்லாம் நான் போய் நின்றேன். ஆறு மணிக்கு பஸ் கிளம்ப வேண்டும். நான் எதிலும் மணி தவறாதவன் என்ற பெருமை எனக்கு, உங்களுக்குத்தான் தெரியுமே.

அவர் சோற்றைப் பாயில் கொட்டிப் பரப்பப் போனார். "ஆறட்டும் சார், ஒரு மணி நேரம் பொறுங்க" என்றார். நான் பொறுக்கவில்லை. "மதியம் பிள்ளைங்க சூடா சாப்பிடட்டும், இப்படியே கட்டுங்க" என்றேன். அவர் இரண்டாவது தடவையும் சொன்னார். நான் குரலை உயர்த்தினேன். வாத்தியார் குரல். அவர் தலையைக் குனிந்துகொண்டு கட்டச் சொல்லிவிட்டார். சுடச்சுட இலையில் வைத்து, செய்தித்தாளைச் சுற்றி, மூங்கில் கூடைகளில் நெருக்கி அடுக்கி, மேலே சாக்குப் போட்டு மூடினோம். சூடு போகாமல் இருக்கச் சாக்கு என் யோசனை.

கோம்பை, உத்தமபாளையம் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் குளித்தார்கள், குதித்தார்கள். சாப்பிடும்போது இரண்டு மணி. பொட்டலம் பிரித்தபோது லேசாகச் சூடு இருந்தது. எனக்குச் சந்தோஷம். ஒருவன் மட்டும் "சார், ஒரு மாதிரி வாடை வருது" என்றான். "பசிச்சா வராது, சாப்பிடு" என்றேன்.

நாலரை மணிக்குத் திரும்பும் வழியில் ஆரம்பித்தது. முதலில் ஒருத்தி, பிறகு நாலு பேர், பிறகு எண்ண முடியவில்லை. 31 பேர் வாந்தி எடுத்தார்கள். பஸ் ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு தலை. வழியில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் நிறுத்தினோம். டாக்டர் இளைஞர், நல்லவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்டார். "எத்தனை மணிக்கு ஆக்கினது? சூடா கட்டுனீங்களா, ஆற வச்சா?" நான் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன்.

ஒரு பையனுக்குக் கண் உள்ளே போய், நாக்கு வறண்டு, கூப்பிட்டால் பதில் இல்லை. பத்து மணி வரை குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவன் அம்மா வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பையன் இப்போது இதைப் படித்துக்கொண்டிருப்பான். பார்பிக்யூ யோசனையே அவனுடையதுதான்.

எல்லோரும் இரண்டே நாளில் எழுந்து நடமாடினார்கள். ஊரில் மட்டும் பேச்சு அடங்கவில்லை. "முட்டை அழுகல்", "சமையல்காரன் பழைய தயிரை ஊத்திட்டான்", "கை கழுவாம ஆக்கிருப்பான்". அடுத்த மூன்று முகூர்த்தம் அவருக்கு வேலை வரவில்லை. என்னிடம் கேட்டவர்களிடம் நான் "தெரியலையே" என்றேன். அவர் ஒரு நாள்கூட என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கடைவீதியில் பார்த்தால் கும்பிடுவார். பத்து வருஷம் முன்னால் காலமாகிவிட்டார். துக்கத்துக்குப் போனேன், அங்கேயும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அன்று தப்பு செய்தது அவர் இல்லை, நான்.

ஒரே அண்டாவில் ஆக்கிய சோறு, சிலருக்கு மட்டும் ஏன் வந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் புதிர். மேல் கூடையில் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, விஞ்ஞானப் பாடம் எடுத்த என் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து படித்தபோதுதான் விளங்கியது.

இந்த விஷயத்தைத் தங்கள் வயிற்றிலேயே சோதித்துப் பார்த்த இரண்டு பேர் உண்டு. ஒருவர் மார்ஷல் பார்பர், அமெரிக்கர், பிலிப்பைன்ஸில் வேலை பார்த்தார். அங்கே ஒரு பண்ணைக்குப் போகும்போதெல்லாம் வயிறு கலங்கியது. கறந்த உடனே குடித்த பால் ஒன்றும் செய்யவில்லை. அதே பாலைச் சில மணி நேரம் வெளியே வைத்துக் குடித்தால் வாந்தி, பேதி. திரும்பத் திரும்பக் குடித்துப் பார்த்து, ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி பாலில் உட்கார்ந்து விஷத்தைச் சுரக்கிறது என்று 1914-ல் எழுதினார். நம் தோலிலும் மூக்கிலும் விரல் புண்ணிலும் இருக்கிற கிருமி அது. அப்பத்தா அகப்பையை விட்டுக் கையால் கிளறாததற்கு இதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொருவர் நார்வேக்காரர், ஸ்டைனார் ஹாகே. இரண்டாம் உலகப்போர் முடிந்த சில வருஷங்களில் ஆஸ்லோவில் நிறையப் பேர் நோய்ப்பட்டார்கள். காரணம் முதல் நாளே காய்ச்சி வெளியே வைத்த வெனிலாச் சாறு. அதில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியைக் கண்டார். அந்தக் கிருமியைச் சாற்றில் விட்டு ஒரு நாள் வைத்திருந்து, அவரே ஒரு டம்ளர் அளவு குடித்தார். பல மணி நேரம் கழித்து வயிற்றுவலியும் பேதியும். 1955-ல் அவர் இங்கிலீஷில் எழுதிய கட்டுரை உலகத்துக்குத் தெரிந்தது. 1971-க்குப் பிறகு இங்கிலாந்தில் சீன ஓட்டல்களில் சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்தபோது அதே கிருமி சோற்றில் அகப்பட்டது. பொரித்த சோறு உதிரியாக வர வேண்டும் என்று முதல் நாளே மொத்தமாக வேகவைத்து, குளிர்பெட்டியில் வைத்தால் கட்டி தட்டும் என்று வெளியே விட்டு வைத்திருந்தார்கள். மறுநாள் முட்டையோடு இரண்டு புரட்டு.

இந்தக் கிருமி மண்ணில் இருப்பது, நெல்லோடு வந்துவிடும். கொதிக்கிற உலையில் சாதாரணக் கிருமிகள் செத்துப்போகும். இது மட்டும் வித்துப்போல ஓட்டுக்குள் சுருண்டு உயிரோடு கிடக்கும். சோறு வெதுவெதுப்பானதும் முளைக்கும். அது சுரக்கும் வாந்தி விஷம் 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் போகாது. அதாவது, கெட்ட சோற்றைத் திரும்பச் சுட வைத்தால் சரியாகிவிடும் என்பது பொய். சாப்பிட்ட ஒன்றில் இருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். எங்கள் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். ஸ்டெஃபைலோகாக்கஸாகவும் இருந்திருக்கலாம், அதுவும் இதே கணக்குதான். அன்று யாரும் சோற்றைச் சோதனைக்கு அனுப்பவில்லை.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே உணவு எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதுதான் கணக்கு. நல்ல சூழல் கிடைத்தால் கிருமி இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். காலை ஆறு மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு மணிக்கு 24 தடவை இரட்டித்து ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்தைத் தாண்டிவிடும். உண்மையில் அப்படியே தடையில்லாமல் பெருகாது, ஆனால் போக்கு அதுதான். நான் போட்ட சாக்கு சோற்றைக் காக்கவில்லை, நடுக்கூடையைக் கிருமிக்கு அடைகாக்கும் கோழியாக்கிவிட்டது. மேல் கூடை சீக்கிரம் ஆறிவிட்டது, அதனால் தப்பித்தது. சோற்றைச் சுளகில் மெல்லிசாகப் பரப்பினால் சூடு வேகமாக இறங்கும், ஆவி தண்ணீராகி உள்ளே தங்காது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் கிருமியை மந்தமாக்கும். கீழே இருந்து மேலே ஏற ஏறக் குளிர்ச்சி வேறு. அப்பத்தாவின் கட்டுச்சோறு மறுநாள் வரை தாங்கியது இந்த எல்லாம் சேர்ந்துதான். இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, "புளியோதரைதானே, ஒண்ணும் ஆகாது" என்று சுடச்சுடக் கட்டி கார் டிக்கியில் போட்டால் அது அப்பத்தா முறை ஆகாது. அவரும் குளிர்பெட்டி இல்லாத காலத்தில் வேறு வழி இல்லாமல் செய்ததுதான் அது. நமக்கு வழி இருக்கிறது.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 1860 இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே 272, 273 பிரிவுகள் கலப்படத்துக்கும் கெட்ட உணவு விற்பதற்கும் இருந்தன. சென்னை மாகாணத்தில் 1918-ல் கலப்படத் தடைச் சட்டம். நாடு முழுவதற்கும் 1954-ல். அதையெல்லாம் ஒன்றாக்கி 2006-ல் உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2011 ஆகஸ்டில். இன்று மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அன்னதானம் போடுகிறவரும் பதிவு செய்ய வேண்டும். நல்லதுதான். நூறு வருஷமாகச் சட்டம் பெரும்பாலும் பாலில் தண்ணீரையும் எண்ணெயில் கலப்பையும் தேடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஆக்கி வீட்டார் கட்டிக்கொண்டு போகிற சோற்றுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் கிடையாது. அன்று அந்தச் சமையல்காரர்தான் இன்ஸ்பெக்டராக இருந்தார். நான் அவரை வேலை பார்க்க விடவில்லை.

இனி பார்பிக்யூ. தப்பாக நினைக்காதீர்கள், எனக்கு அதில் விரோதம் இல்லை. சுட்ட கறி நம் மலையில் புதிதா என்ன? ஆனால் மேலே கருகி உள்ளே பச்சையாக இருப்பதுதான் கரி அடுப்பின் குணம். எலும்பை ஒட்டின இடத்தில் சிவப்புச் சாறு வந்தால் அது வேகவில்லை. கோழிக்கு நடுப்பகுதி 74 டிகிரி வர வேண்டும் என்கிறார்கள். இறைச்சியில் குத்திப் பார்க்கிற வெப்பமானி இப்போது சல்லிசாகக் கிடைக்கிறது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய துண்டாகப் போடாமல் சின்னதாக வெட்டினால் பாதிக் கவலை போகும்.

நான் பார்த்த பார்பிக்யூக்களில் எல்லாம் ஒரே தப்பு நடக்கும். பச்சைக் கறியை எடுத்த அதே தட்டில், அதே இடுக்கியால், வெந்த கறியையும் எடுத்து வைப்பார்கள். கறி ஊறின மசாலாவில் மிச்சம் இருப்பதை வெந்த துண்டின்மேல் தடவுவார்கள். பச்சைக் கோழியில் இருந்த சால்மோனெல்லா வெந்த கறிக்குத் திரும்ப வந்து சேரும், அவ்வளவுதான். தட்டு இரண்டு, இடுக்கி இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கறி தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெங்காயம் நறுக்கப் போகாதீர்கள்.

மயோனைஸ் கொண்டுவருவதாக ஒரு மருமகள் எழுதியிருக்கிறாள். பச்சை முட்டையில் அடிக்கிற மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது. கேரளத்தில் 2023-லேயே தடை. 2022-ல் காசர்கோடு பக்கம் ஷவர்மா சாப்பிட்ட பதினாறு வயதுப் பெண், 2023-ல் நாமக்கல்லில் பதினான்கு வயதுப் பெண், இரண்டு பேரும் போய்விட்டார்கள். இரண்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்தச் செய்தி வந்த நாளில் எனக்கு அந்த அம்மா என் சட்டையைப் பிடித்ததுதான் ஞாபகம் வந்தது. மயோனைஸ் வேண்டாம் தாயி. புதினாத் துவையல் அரைத்துக்கொள்வோம், அதையும் மேலே போய் அரைப்போம்.

மசாலா தடவின கறியை முதல் நாளே எடுத்து வருவதானால் ராத்திரி முழுவதும் பிரிட்ஜில் இருக்கட்டும். காலையில் ஐஸ் நிரப்பின பெட்டியில், கசியாத டப்பாவில், அடியில் வைக்க வேண்டும். போடியில் மே மாதம் 36, 37 டிகிரி. அந்த வெயிலில் நிறுத்தின காரின் டிக்கி அதைவிட அதிகம். ஆக்கிய உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான் என்று அமெரிக்காவில் சொல்கிறார்கள். நம் ஊர் மே மாதத்துக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கணக்கு. மீன் கடையில் வாங்குகிற கட்டி ஐஸ் பெட்டிக்கு வெளியே அண்டக் கொடுக்க மட்டும். அதை உடைத்து ஜூஸில் போடக் கூடாது.

யாரும் யோசிக்காத ஒன்று, மிச்சம். மேலே குளிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மதியம் ஆக்கியதைத் திரும்ப டப்பாவில் போட்டு, வளைவு வளைவாக இறங்கி, போடி வெக்கைக்கு வந்து, ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டில் இருக்கிறவர்களுக்குப் போடுவோம். சுற்றுலாவுக்கே வராத பாட்டிக்குத்தான் வயிறு கெடும். மிச்சம் வைக்காத அளவுக்கு ஆக்குவோம். மீறி மிஞ்சினால் தூரப் போடுங்கள், பாவம் பார்க்காதீர்கள். ரோட்டோரம் குரங்குக்கும் போடாதீர்கள். அது கார் கண்ணாடியைப் பார்த்தாலே ஓடிவரப் பழகியிருப்பது நம்மால்தான்.

நெருப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் காட்டுத்தீ கொண்டுபோன ஊர் நம்முடையது. நம்மில் சிலர் அன்று ராத்திரி தண்ணீர்க் குடத்தோடு ஓடினவர்கள். தங்கும் விடுதி வளாகத்துக்குள், அவர்கள் காட்டுகிற இடத்தில் மட்டும் அடுப்பு. காட்டு ஓரத்தில் கல் கூட்டுவது கிடையாது.

யாருக்காவது வாந்தி பேதி வந்தால் முதலில் தண்ணீர்ச்சத்துப் போகாமல் பார்க்க வேண்டும். 1971-ல் வங்கதேச அகதிகள் பன்காவ் முகாமில் காலராவில் விழுந்தபோது, ஏற்றுவதற்குக் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம் டிரம்மாகக் கரைத்து வாய் வழியே கொடுக்கச் சொன்னார். சாவு மளமளவென்று குறைந்தது. 2022-ல் அவர் காலமான பிறகுதான் பத்ம விபூஷண் வந்தது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து வாங்கி முதலுதவிப் பெட்டியில் போடுங்கள். இல்லாவிட்டால், காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. உப்பு கூடிவிடக் கூடாது. குழந்தை சோர்ந்து விழுந்தாலோ, ரத்தம் போனாலோ, சிறுநீர் இறங்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

கடைசியாக ஏற்பாடு. மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்தச் சமையல்காரரின் மகன் இப்போது போடியில் கேட்டரிங் வைத்திருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அப்பா படத்துக்குக் கீழே உட்கார்ந்து நடந்ததை முழுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்பா வீட்ல சொல்லிருக்காரு சார். வாத்தியார் அவசரப்பட்டுட்டாருன்னு மட்டும் சொன்னாரு" என்றார். காபி கொடுத்தார்.

அவர் அரிசி, பாத்திரம், ஆட்களோடு மேலேயே வந்து ஆக்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். பன்னிரண்டரைக்குச் சோறு வடித்தால் ஒரு மணிக்குப் பந்தி. புளிக்காய்ச்சல் மட்டும் என் வீட்டில் இருந்து வரும், அப்பத்தா பக்குவம். யார் யார் வருகிறீர்கள், குழந்தைகள் எத்தனை, சைவம் எத்தனை என்று வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் குழுவில் எழுதிவிடுங்கள். அவருக்குப் படிக் கணக்குச் சொல்ல வேண்டும்.